மச்சைக் கொடையும் பெங்களூர்த் தமிழரும்

மனித உடலில் ஓடும் இரத்தம் எங்கே பிறக்கின்றது என்னும் வினாவிற்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் சரியான விடை கிடைக்கவில்லை. ஈரலில் பிறக்கின்றது என்றனர் சிலர். மண்ணீரலில் என்றனர் வேறு சிலர். 1868ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் நியூமன் என்பவர், எலும்பின் உட்புழையில் நிறைந்து கிடக்கும் மென்மையான பொருளே இரத்த அணுக்களின் பிறப்பிடம் என்று எடுத்துரைத்தார். இத்தாலிய அறிஞர் பித்சோசெரோவும் அதே ஆண்டில் அம்முடிவிற்கே வந்தார். அப்பொருளைத்தான் நாம் மச்சை என்றும், பேச்சு வழக்கில் எலும்பு மஜ்ஜை என்றும் கூறுகின்றோம். நம் சித்த மருத்துவ மரபு உடற்கட்டுகளை ஏழாக வகுத்து, என்பிற்கு அடுத்த நிலையில் இதனை 'மூளை' என்னும் பெயரால் வைத்துள்ளது.

பெயர்கள் இவ்வாறு மயங்கிக் கிடப்பதால் ஒரு தீங்கும் விளைந்துள்ளது. மச்சையைக் கொடுங்கள் என்றால், கேட்பவர் தண்டுவடத்தை நினைத்து அஞ்சுகின்றார். முதுகெலும்பில் ஊசி குத்துவர், கால் விளங்காமற் போய்விடும் என்று எண்ணுகின்றார். தண்டுவடம் வேறு, மச்சை வேறு. முன்னது நரம்பு, அதனை எவரும் எடுப்பதில்லை. பின்னது இரத்தத்தின் ஊற்று. எடுத்தால் மீண்டும் சுரப்பது. சொற்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு சொல்லின் மயக்கம் ஓர் உயிரின் வாய்ப்பைப் பறிக்கக்கூடும் என்பது கவலை தரும் செய்தியாகும். ஆகவே இக்கொடையின் வரலாற்றை ஓரளவு விரிவாகவே காண்போம்.

மச்சை பழுதுபட்டால் இரத்தம் பழுதுபடும். இரத்தப் புற்றுநோயில் பயனற்ற வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. வேறொரு நோயில் மச்சையே வற்றிப் போகின்றது. தலசீமியா என்னும் பிறவி நோயில் செவ்வணுக்கள் செவ்வனே உருவாவதில்லை. அந்நோய் முற்றிய குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். பழுதான மச்சையை நீக்கிவிட்டு நலமான மச்சையை நட்டால் என்ன என்னும் எண்ணம் மருத்துவர்க்கு எழுந்தது இயல்பே. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டொன்னால் தாமஸ் இம்முயற்சியின் முதல் அறிக்கையை வெளியிட்டார். நோயாளர் அறுவருக்குப் பிறர் மச்சை செலுத்தப்பெற்றது; ஒருவரும் நெடுநாள் வாழவில்லை. எனினும் அவர் சோர்ந்து விடவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 1990இல், நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

1958ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் யூகோஸ்லாவியாவின் வின்சா என்னும் ஊரில் அணு உலை விபத்து ஒன்று நேர்ந்தது. கதிர்வீச்சுக்கு இரையான அறுவரும் பாரிசு நகருக்குக் கொண்டுவரப்பெற்றனர். அங்கே மருத்துவர் ஜார்ஜ் மாத்தே அவர்களுள் ஐவருக்குப் பிறர் மச்சையைச் செலுத்தினார். கொடுத்தவர்கள் பிரெஞ்சு நாட்டு மக்கள். பிள்ளைகளைப் பெற்ற தாய் ஒருவரும், மருத்துவர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர். பெற்றவர்களோ வேற்று நாட்டினர், வேற்று மொழியினர், முன்பின் காணாதவர். அறுவரில் ஒருவர் மாண்டார், ஐவர் பிழைத்தனர். செலுத்திய மச்சை அவர்கள் உடலில் நிலைக்கவில்லை என்பதும், அதுதான் அவர்களைக் காத்ததா என்பது பின்னர் விவாதிக்கப்பட்டது என்பதும் உண்மையே. ஆயினும், உறவு அல்லாத ஒருவர்க்குத் தம் என்பினுள் இருப்பதை எடுத்துக் கொடுக்க மனிதர் முன்வருவர் என்பது அன்று ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று.

நட்ட மச்சை நிலைக்காமைக்குக் காரணம் யாது? அதே 1958ஆம் ஆண்டில் மற்றொரு பிரெஞ்சு அறிஞர், ஜான் தோசே, அக்காரணத்திற்கு வழிகாட்டினார். நம் உடலின் அணுக்களுள் பெரும்பாலானவை தம்மேல் ஒரு முத்திரை தாங்கி நிற்கின்றன. இன்று அதனை எச்.எல்.ஏ. என்று வழங்குகின்றனர். முத்திரை ஒத்திருந்தால் உடல் ஏற்கும். ஒவ்வாவிடில் வந்த மச்சையும் இருந்த உடலும் ஒன்றோடொன்று போரிடும். இரத்த வகைகளைப் போல ஏ, பி, ஓ என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை அல்ல இம்முத்திரைகள். அவற்றின் வேறுபாடுகள் ஆயிரக்கணக்கானவை. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் நமக்கு வருகின்றன. எனவே, உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் ஒத்திருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. இவ்வறிவைத் துணையாகக் கொண்டு 1968இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், உடன்பிறந்தார் மச்சையால் ஒரு குழந்தை காக்கப்பெற்றது. தோசே 1980இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பொருத்தமான உடன்பிறப்பு இல்லாதவர் கதி என்ன? 1973ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஒரு சிறுவனுக்கு டென்மார்க்கு நாட்டிலிருந்து, கோபன்ஹேகன் இரத்த வங்கியின் வழியாக, ஒத்த முத்திரையுடையவர் ஒருவர் கிடைத்தார். ஒருமுறையில் முடியவில்லை, பலமுறை செலுத்திய பின்னரே மச்சை வேர்கொண்டது. இலண்டன் நகரில் ஷர்லி நோலன் என்னும் தாய் தம் மகன் அந்தோணிக்காகக் கொடையாளர் ஒருவரைத் தேடினார். தேடுவதற்கு ஒரு பட்டியல்கூட அக்காலத்தில் இல்லை. ஆகவே 1974இல் அவரே ஒரு பதிவேட்டைத் தொடங்கி வைத்தார். மகனுக்கு ஏற்றவர் கிடைக்கவில்லை. 1979இல் சிறுவன் மறைந்தான். பதிவேடு மறையவில்லை. அந்தோணி நோலன் பெயரால் இன்றும் அது நடைபெறுகின்றது. தன் பிள்ளைக்குக் கிட்டாதது பிறர் பிள்ளைக்குக் கிட்டட்டும் என்னும் தாயுள்ளம் உலகப் பதிவேடுகளுக்கெல்லாம் முன்னோடியாயிற்று எனல் மிகையன்று.

அதன்பின் நாடுதோறும் பதிவேடுகள் எழுந்தன. 1988இல் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில், பல நாட்டுப் பட்டியல்களையும் ஒருங்கே காணும் ஏற்பாடு தொடங்கிற்று. 1991இல் ஜெர்மனியில், இரத்தப் புற்றுநோயுற்ற தம் மனைவிக்குப் பொருத்தம் தேடிய பீட்டர் ஹார்ஃப் என்பவரின் முயற்சியால் டி.கே.எம்.எஸ். என்னும் அமைப்பு உருவாயிற்று. இன்று உலகப் பதிவேடுகள் அனைத்திலும் சேர்த்து 4 கோடிக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்துள்ளனர். அப்பெருங்கூட்டத்தில் மிகுதியானோர் ஐரோப்பிய வழியினர் ஆவர்.

நம் நாட்டின் நிலையை இனி நோக்குவோம். 1983ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் மருத்துவர் சுரேஷ் அத்வானியின் குழு இந்தியாவின் முதல் மச்சை மாற்று மருத்துவத்தைச் செய்தது. 1986இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் மாம்மன் சாண்டியின் தலைமையில் அப்பணி தொடங்கித் தென்னாட்டார்க்குப் பெருந்துணையாயிற்று. 2009இல் சென்னையில் 'தாத்ரி' என்னும் பதிவகம் தோன்றியது. பெங்களூரில் 1984 முதல் இயங்கிவரும் பெங்களூர் மருத்துவப் பணி அறக்கட்டளை, திப்பசந்திராவில் டி.டி.கே. இரத்த வங்கியை நடத்தி, விலையின்றிக் கொடுக்கும் குருதிக் கொடையை வளர்த்தது. 2019இல் அவ்வறக்கட்டளையும் ஜெர்மானிய அமைப்பும் கைகோத்து, டி.கே.எம்.எஸ். பி.எம்.எஸ்.டி. என்னும் பெயரால் இந்நகரிலேயே ஒரு பதிவகத்தை நிறுவின. வேலூர்க்கும் பம்பாய்க்கும் செல்லாமல் பெங்களூரிலேயே மச்சை மாற்று மருத்துவம் பெறும் வசதியும் இன்று உண்டு. மருத்துவமனை உண்டு; மருத்துவர் உண்டு; பதிவகமும் உண்டு. கொடையாளர் பட்டியல்தான் இன்னும் போதவில்லை. 140 கோடி மக்கள் வாழும் இந்நாட்டில் ஆயிரத்துக்கு ஒருவர் வீதம்கூட இன்னும் பதிந்துகொள்ளவில்லை.

இதனைக் கேட்பவர், உலகப் பதிவேட்டில் 4 கோடிப் பேர் இருக்க நமக்கென்ன குறை என்று வினவலாம். குறை இருக்கின்றது. முத்திரை பிறப்பு வழியாக வருவது. ஆதலால் ஒரே வழியில் வந்த மக்களிடையேதான் ஒத்த முத்திரை கிட்டும் வாய்ப்பு மிகுதி. ஜெர்மானியர் பட்டியலில் ஜெர்மானியர்க்குப் பொருத்தம் எளிதில் கிட்டும். சேலத்துக் குழந்தைக்குக் கிட்டுவது அரிது. மேலும், நம் நாட்டில் ஒரு குலத்தார் அக்குலத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பு இறுகத் தொடங்கியது என்று மரபணு ஆராய்ச்சி 2013இல் எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக ஒவ்வொரு சமூகத்தின் முத்திரைத் தொகுதியும் தனித்தனியே கெட்டிப்பட்டு நிற்கின்றது. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் தென்னாட்டு வழக்கத்தால், சிலபோது உடன்பிறந்தாரிடம் கிட்டாத பொருத்தம் நெருங்கிய சுற்றத்தாரிடம் கிட்டுவதுண்டு. ஆனால் குடும்பங்கள் சுருங்கிவிட்டன. 'நாமிருவர் நமக்கிருவர்' என்று வாழ்ந்து, இன்று ஒரு பிள்ளையோடு நிற்கும் இல்லங்கள் பல. அவ்வொரு பிள்ளைக்கு நோய் வந்தால் உடன்பிறந்தாரை எங்கே தேடுவது? தாய் தந்தையரின் அரைப் பொருத்தமுள்ள மச்சையைக் கொண்டே மருத்துவம் செய்யும் முறை இக்காலத்தில் வளர்ந்துள்ளது. எனினும் முழுப் பொருத்தமுள்ள கொடையாளரைத் தேடும் தேவை நீங்கிவிடவில்லை.

இனி, பெங்களூர்த் தமிழரைச் சிறப்பாக நாம் அழைப்பது ஏன் என்பதைக் கூறுவோம். 1809இல் ஆங்கிலேயர் இங்கே படைவீடு அமைத்தபோது, சென்னை மாகாணத்துப் படைவீரரும், அவர்களுக்குப் பண்டம் விற்ற வணிகரும், கட்டடத் தொழிலாளரும், பணியாளரும் அல்சூரைச் சுற்றிக் குடியேறினர். பின்னர்க் கோலார்த் தங்க வயலுக்கு வட ஆர்க்காட்டு மக்கள் பெருந்திரளாகச் சென்றனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அவர்தம் மக்களுள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் வந்து பிழைக்கின்றனர். விடுதலைக்குப் பின் அரசுத் தொழிற்சாலைகளும், அண்மைக் காலத்தில் கணிப்பொறி நிறுவனங்களும் தஞ்சை, மதுரை, நெல்லை, கோவை ஆகிய எல்லாச் சீமைகளிலிருந்தும் தமிழரை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. தமிழ்நாட்டின் பல ஊர், பல குலத்து முத்திரைகள் ஒரே நகரில் திரண்டிருத்தல் எவ்வளவு அரிய வாய்ப்பு! அல்சூரில் பதியும் ஒரு பெயர் வேலூர்ச் சிறுமிக்கும், யாழ்ப்பாணத்து இளைஞர்க்கும், பினாங்குத் தோட்டத் தொழிலாளியின் பேரனுக்கும் பயன்படலாம்.

அச்சத்தை வெல்வது இந்நாட்டார்க்குப் புதியதன்று. 1802இல் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பெரியம்மைக்கு எதிரான பால் முதன்முதலாக இந்திய மண்ணில் குத்தப்பெற்றது. அதனைச் சேமித்து வைக்கும் குளிர்ப்பெட்டி அக்காலத்தில் ஏது? ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தையின் கைக்கு, அங்கிருந்து அடுத்த குழந்தைக்கு என்று, மனித உடல்களையே சங்கிலியாகக் கொண்டு அது நாடெங்கும் சென்றது. வேறு குலத்தார் உடலிலிருந்து வந்ததை ஏற்பதா என்று பலர் மறுத்தனர். அந்நாளில் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் தாமே முன்வந்து ஏற்றுக் குடிமக்களுக்கு வழிகாட்டினர் என்பர். தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் 1805 அளவில் தீட்டிய மகளிர் ஓவியம் ஒன்று இச்செய்தியையே குறிப்பதாக ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

1898இல் பெங்களூரைக் கொள்ளை நோயாகிய பிளேகு தாக்கியது. மக்கள் நோயுற்றாரை வீட்டுக்குள் ஒளித்து வைத்தனர். மருத்துவ முகாம் என்றால் நடுங்கினர். பிளேகு மாரியம்மனுக்குக் கோயில்களும் எழுப்பினர். பிறந்த திருவிதாங்கூரில் சாதியின் பெயரால் பணி மறுக்கப்பெற்று, மைசூர் அரசில் மருத்துவராய் அமர்ந்த பல்பு அவர்கள் அம்முகாம்களில் நின்று தொண்டாற்றினார். மக்களின் அச்சத்தைத் தணித்தவை ஆணைகள் அல்ல. தம்முள் ஒருவர், தாம் மதிக்கும் ஒருவர், முன்னே நின்று காட்டியதுதான். இது வரலாறு கற்பிக்கும் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் இரத்தத்தைப் பற்றியது. ஒரு காலத்தில் நம் நாட்டில் இரத்தம் விலைக்கு விற்கப்பெற்றது. வறியவர் வயிற்றுக்காகக் குருதியை விற்றனர். அதனால் நோயும் பரவிற்று. உச்ச நீதிமன்றம் 1996 சனவரியில் அளித்த தீர்ப்பின்படி, 1998 சனவரி முதல் நாளிலிருந்து அவ்வாணிகம் தடை செய்யப்பெற்றது. விலை நின்றுவிட்டால் இரத்தமே கிடைக்காது என்று அஞ்சினவர் உண்டு. கல்லூரி மாணவரும், தொழிலாளரும், நற்பணி மன்றத்தாரும் அவ்வச்சத்தைப் பொய்யாக்கினர். மச்சைக் கொடைக்கும் விலையில்லை. கொடுப்பவர்க்குச் செலவுமில்லை, ஊதியமுமில்லை.

மூன்றாம் பாடம் காலத்தைப் பற்றியது. 2007ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வாழ்ந்த இந்திய வழியினரான இளைஞர் இருவர் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகியிருந்தனர். நண்பர்கள் கூடி, சில வாரங்களிலேயே 24,000க்கு மேற்பட்ட தெற்காசிய மக்களைப் பதிவேட்டில் சேர்த்தனர். இருவர்க்கும் பொருத்தமான கொடையாளர் கிடைத்தனர். மச்சையும் செலுத்தப்பெற்றது. ஆயினும் மறு ஆண்டில் இருவரும் மறைந்தனர். அவர்கள் பொருட்டுச் சேர்ந்த பெயர்கள் பின்னர்ப் பிறரைக் காக்க உதவின. வீட்டில் தீப்பற்றிய பின் கிணறு தோண்டலாகாது என்று நம் பெரியோர் கூறுவதன் பொருள் இதுவே. நோய் வந்தபின் தேடுவது ஒரு முயற்சி. நோய் வருமுன் பதிந்து வைப்பதுதான் காப்பு.

பதிவு செய்வோர் செய்ய வேண்டுவது யாது? 18 வயது நிறைந்த, உடல்நலமுள்ள எவரும் சேரலாம். மேல் வரம்பு பதிவகத்திற்கு ஏற்ப வேறுபடும். இளையோரின் கொடையையே மருத்துவர் பெரிதும் விரும்புவர். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிக் கொடுத்தால் போதும், ஊசியில்லை, இரத்தமில்லை. ஆய்வகத்தில் முத்திரை குறிக்கப்பெற்றுப் பட்டியலில் ஏறும். பதிந்தவருள் பெரும்பாலோர் ஒருபோதும் அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்பட்டவர்க்கு முழு உடல் சோதனை நடைபெறும். பெரும்பாலும், நான்கைந்து நாள் ஒரு மருந்தை ஊசி வழியாகச் செலுத்தி, மச்சையிலுள்ள மூல உயிரணுக்களை இரத்தத்தில் பெருகச் செய்வர். பின்னர் ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, பொறியின் வழியே மூல உயிரணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை மறு கையில் திருப்பிச் செலுத்துவர். இதற்குச் சில மணி நேரம் ஆகும். மருந்து செலுத்தும் நாட்களில் உடல்வலியும் தலைவலியும் வரலாம், அவை தணிந்துவிடும். சிலபோது இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து, மயக்கமருந்து கொடுத்து, மச்சையையே எடுப்பதும் உண்டு. சில நாள் வலி இருக்கும். எடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

இங்கே ஒன்றை வற்புறுத்திக் கூற வேண்டும். பெயர் எழுதுவது எளிது. சொல்லைக் காப்பது அரிது. ஒருவர் பொருத்தம் என்று தெரிந்து, அவரும் இசைந்து நாள் குறித்தபின், நோயாளியின் பழைய மச்சையைக் கடும் மருந்துகளால் அழித்துவிடுவர். அந்நிலையில் கொடையாளர் மனம் மாறினால் நோயாளிக்குப் பழைய மச்சையும் இல்லை. புதிய மச்சையும் இல்லை. மனம் மாறும் உரிமை கொடையாளர்க்கு எப்போதும் உண்டு. அதனை எவரும் பறிக்க இயலாது. ஆனால் அம்மாற்றம் முன்னரே நிகழ்தல் வேண்டும். இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு பதிந்துவிட்டு, அழைப்பு வந்தபோது பெற்றோர் தடுத்ததால் பின்வாங்குவது நம்மிடையே நிகழக்கூடியதே. பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களுக்கு எவரும் விளக்கவில்லை. ஆகையால் கன்னத்தைத் தடவும் முன்னர், அன்னையிடமும் தந்தையிடமும் மனைவியிடமும் அமர்ந்து பேசுவதே பதிவின் முதற்படி என்போம்.

தேவர்களின் பொருட்டு முதுகெலும்பைக் கொடுத்த ததீசி முனிவரின் கதையை நாம் அறிவோம். அவர் கொடுத்தார், உயிரையும் இழந்தார். இன்றைய கொடையாளர் கொடுக்கின்றார்; இழப்பதோ ஒன்றுமில்லை. பெறுபவர் யார் என்பதும் அப்போது அவர்க்குத் தெரியாது. அவர் கன்னடரா தமிழரா, எக்குலத்தினர், எச்சமயத்தினர் என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை. குலத்துக்குள்ளேயே மணந்து மணந்து நாம் இறுக்கிக்கொண்ட முத்திரை, குலம் அறியாத ஒருவர்க்குக் கொடையாகும்போதுதான் பயன்பெறுகின்றது.

அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் விளங்கும் தமிழ்ச் சங்கமும், நகரெங்குமுள்ள தமிழர் மன்றங்களும், கோயில் திருவிழாக் குழுக்களும், தேவாலயங்களும், பள்ளிவாசல்களும் ஆண்டுதோறும் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். பந்தலில் அன்னதானம் நடைபெறும் இடத்திலேயே ஒரு மேசையும், சில குச்சிகளும், விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். முதலில் பதிபவர் அம்மன்றத்தின் தலைவராக இருத்தல் வேண்டும்; வயது கடந்தவராயின் அவர்தம் மகனோ மகளோ முன்வரட்டும். முன்னே ஒருவர் நின்று காட்டினால் பின்னே வரத் தயங்காதவர் நம் மக்கள். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில், நம் முத்திரையை ஒத்த முத்திரையோடு ஒரு குழந்தை இன்று காத்திருக்கக்கூடும். அக்குழந்தையைத் தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. அது நம்மைத் தேடும்போது நம் பெயர் பட்டியலில் இருந்தால் போதும்.